சோபாவில் வைத்த பதினொரு இன்ச்

எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்காரர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு படியேறுகிறார் என்பதை முதலில் கவனித்தது நான்தான். வேண்டுமென்று கவனிக்கவில்லை. என் சமையலறை ஜன்னலைப் படிக்கட்டைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். வைத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சொந்த வீட்டுக்கு ஒரு மனிதர் திருடன் மாதிரி போகிறார் என்றால் கீழே யாரையோ பார்க்கக் கூச்சப்படுகிறார் என்று அர்த்தம். கீழே இருப்பது இரண்டே வீடு. ஒன்று என்னுடையது. என்னைக் கண்டு கூச்சப்படும் அளவுக்கு அவரைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே விஷயம் எதிர்வீட்டு அக்காவைப் பற்றியது என்று முடிவு செய்தேன். செய்த பிறகு சும்மா இருக்க முடியுமா? அவர் மனைவியிடம் கொஞ்சம், அவர் அலுவலகத்தில் டீ கொடுக்கும் அம்மாளிடம் மீதி என்று சேர்த்து வைத்தேன். எதையும் கூட்டிச் சொல்லவில்லை. அந்த அலுவலகத்தைப் பற்றிக் கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

தெருக்கோடியில் உள்ள குடிநீர்க் குறை அலுவலகம்தான் அது. தண்ணீர் வரவில்லை என்று நாம் போய்ச் சொல்ல வேண்டும், அவர்கள் பதிந்துகொள்வார்கள். தண்ணீர் வருவது வேறு இலாகா. மூன்றாம் மாடிக்காரருக்கு அங்கே கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கும் வேலை. பையிலிருந்து எப்போதும் நாலு வயர் எட்டிப் பார்க்கும் என்பதால் எங்கள் தெருவில் அவர் வயர்காரர். எதிர்வீட்டு அக்கா அதே அலுவலகத்தில் கவுண்ட்டரில் உட்கார்ந்து குறைகளைப் பதிபவர்.

வெளியில் இருந்து பார்த்தால் அது சாதாரண அலுவலகம். உள்ளே ஒருவர் எவ்வளவு பெரியவர் என்பதை அவருடைய லேப்டாப்பின் திரையை மூலைக்கு மூலை அளந்து தெரிந்துகொள்ள வேண்டும். இயக்குநருக்குப் பதினேழு இன்ச். அவருக்கு அடுத்தவருக்குப் பதினாறு. பிரிவுத் தலைவர்களுக்குப் பதினைந்து. இப்படியே இறங்கி வந்தால் அடியில், கவுண்ட்டரில், அக்காவிடம் பதினொன்று. பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் எப்போதோ நின்றுபோயிற்று. “பதினேழு வந்துட்டாரா?” “பதினாறு லீவு.” “பதினொண்ணு எங்க, கவுண்ட்டர்ல கூட்டம் கத்துது!” டீக்கார அம்மாளுக்கு லேப்டாப் கிடையாது என்பதால் அவரை மட்டும் மனிதர் மாதிரி “அம்மா” என்று கூப்பிடுவார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பெரிய திரைக்காரர் அறைக்குள் வந்தால் சின்னத் திரைக்காரர்கள் லேப்டாப் மூடியைப் பாதி தாழ்த்த வேண்டும். சட்டம் ஒன்றும் கிடையாது. யாரோ ஒருவர் ஒருநாள் பார்க்கக் கூடாத எதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது இயக்குநர் வந்துவிட, பயத்தில் தாழ்த்தினார். அதை மரியாதை என்று நினைத்து இயக்குநர் தலையசைத்தார். மறுநாள் எல்லோரும் தாழ்த்தினார்கள். மூடி தாழ்ந்தால் லேப்டாப் தூங்கிவிடும். ஆகவே இயக்குநர் மேற்பார்வைக்குக் கிளம்பினால் அவர் போகிற வழியெல்லாம் வேலை நின்றுகொண்டே போகும். “நான் நடந்தாலே ஒரு அமைதி வருது பாத்தீங்களா” என்பாராம்.

எல்லோருக்கும் கீழே இருப்பவர் எல்லோருக்கும் தாழ்த்த வேண்டும். அக்காவின் மூடி நாள் முழுவதும் கொக்கின் கழுத்து மாதிரி ஏறி இறங்கும். கீல் தளர்ந்து தளர்ந்து, வயர்காரர் அதை முடுக்கி முடுக்கிக் கொடுப்பார். “அக்கா, கொஞ்சம் மெதுவாத்தான் மரியாதை குடுங்களேன்” என்பார். “மெதுவாக் குடுத்தா அடுத்தவர் வந்துடுறார் தம்பி” என்பார் அக்கா. இருவருக்கும் நல்ல பழக்கம்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவோடு இருக்கிறார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து கைகள் இரண்டும் படுத்துவிட்டன. வாய் மட்டும் வேலை செய்கிறது, அதுவும் குறை சொல்ல. மத்தியானம் அக்கா அலுவலகத்திலிருந்து விடுவிடுவென்று வந்து, அவருக்கு ஊட்டிவிட்டு, தன் வாயில் ரெண்டு போட்டுக்கொண்டு, மறுபடி ஓடுவார். ஆள் வைத்துப் பார்த்தார். வந்த ஆட்களைப் பெரியவர் ஓட ஓட விரட்டினார். ஒருநாள் அக்கா வர நேரமானபோது நானே ஊட்டப் போனேன். “நீ பேசி முடிச்சதும் சொல்லு, வாயத் தெறக்குறேன்” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பிறகு நான் போகவில்லை. எனக்கும் மானம் இருக்கிறது.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் தலைமையகத்திலிருந்து ஒரு தணிக்கையாளர் வந்தார். பிஸ்கட்டை டீயில் நனைத்தபடியே சும்மா கேட்டிருக்கிறார்:

“பெரிய லேப்டாப்புல அப்படி என்ன செய்றீங்க, சின்னதுல செய்ய முடியாதது?”

நனைந்த பிஸ்கட் ஒடிந்து டீக்குள் விழுந்த சத்தம் கேட்டது என்கிறார் டீக்கார அம்மாள். அவ்வளவு அமைதி.

அவர் போன மறுநாளே ‘திரை அளவுவாரிச் செயல்திறன் ஒப்பீட்டுக் குழு’ அமைக்கப்பட்டது. தலைவர் பதினேழு. உறுப்பினர் பதினாறு. இயந்திரங்களைத் தொட்டுப் பழகியவர் ஒருவராவது வேண்டும் என்று வயர்காரரையும் சேர்த்தார்கள். அவருடையது பதின்மூன்று, ஆனாலும் குழு கூடும்போது மட்டும் மூடியைத் தாழ்த்த வேண்டியதில்லை என்று சலுகை கொடுத்தார்கள்.

செயல்திறன் என்றால் என்ன என்று முடிவு செய்வதற்குத்தான் முதல் கூட்டம்.

“செயல் வேற, திறன் வேற சார்” என்று ஆரம்பித்தார் பதினாறு. “நம்ம கிட்ட திறன் இருக்கு. செயல் கீழ நடக்குது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டு அளந்தா குழப்பம் வரும்.”

“என்னோடதைத் தெறந்தா நேரமாகுது. ஒத்துக்குறேன்” என்றார் பதினேழு. “ஏன் நேரமாகுது? அது யோசிக்குது. சின்னது பட்டுனு தெறக்குது. யோசிக்க அதுக்குள்ள என்ன இருக்கு?”

வயர்காரருக்குத் தலை சுற்றியது. எல்லாவற்றுக்குள்ளும் இருக்கும் சாமான் ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய திரையில் புள்ளிகள் அதிகம். அத்தனைக்கும் வண்ணம் தீட்டியாக வேண்டும். அதனால் அதற்குப் பாடு அதிகம். போதாததற்குப் பதினேழு இன்ச் எல்லாவற்றிலும் பழையது. இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, “எல்லாத்துலயும் ஒரே வேலையக் குடுத்து, எது முதல்ல முடிக்குதுன்னு பாத்துடலாம் சார்” என்றார்.

“அறிவியல்!” என்றார் பதினேழு. பதினாறு அதைக் குறித்துக்கொண்டார்.

மக்கள் அனுப்பிய வறண்ட குழாய்ப் படங்களையெல்லாம் திறந்து, தெருவாரியாக அடுக்கி, ஒரே அறிக்கையாக்கி முடிப்பது என்று ஒரு வேலை வகுத்தார்கள். கூட்ட அறை மேஜையில் எல்லா லேப்டாப்பையும் வரிசையாக வைத்து ஒத்திகை பார்த்தார் வயர்காரர். அக்காவின் பதினொன்று, டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டுச் சும்மா நின்றது. பதினேழு இன்னும் முதல் குழாயையே திறந்துகொண்டிருந்தது. மற்றவை நடுவில் எங்கோ. அந்த நேரம் பார்த்து இயக்குநர் உள்ளே வந்தார். சுற்றி நின்றவர்கள் பழக்க தோஷத்தில் எல்லா மூடியையும் தாழ்த்தினார்கள். எல்லாம் தூங்கிப்போயின. ஆனால் தூங்கும் முன் சின்னத் திரையில் ‘முடிந்தது’ என்று வந்திருந்ததை இயக்குநர் பார்த்துவிட்டார்.

“ஒத்திகைதானே” என்றார். வயர்காரரின் தோளில் கை போட்டு ஜன்னல் பக்கம் அழைத்துப் போனார். “என்னப்பா, இன்னும் பதின்மூணுலயே இருக்கியே? இந்த ஒப்பீடு நல்லபடியா முடியட்டும். உன்னப் பதினைஞ்சு ஆக்கிப் பாக்கணும்னு எனக்கு ஆசை.”

நல்லபடியா என்றால் எப்படி என்று வயர்காரர் கேட்கவில்லை. கேட்காமலே புரிகிற இடத்தில் இருந்தார்.

மறுநாள் உண்மையான சோதனை. இயக்குநர் ரிப்பன் வெட்டினார். மேஜையில் பெரியவற்றை வைத்த பிறகு பார்த்தால், அவற்றின் பக்கத்தில் பூஜாடி, பெயர்ப்பலகை, தண்ணீர்ப் பாட்டில் என்று வைத்ததில் பதினொன்றுக்கு இடமில்லை.

“தரையில வச்சிடலாமா சார்?” என்றார் பதினாறு.

“சேச்சே! சின்னதுன்னா தரையா?” என்று கண்டித்தார் பதினேழு. “சோபால வைங்கப்பா. மெத்துனு இருக்கட்டும். பாவம்.”

வந்தவர்கள் உட்கார்ந்தால் இடுப்புவரை அமுங்கிப்போகும் வெல்வெட் சோபா அது. பதினொன்றை வைத்ததும் குழந்தையைத் தூளியில் போட்ட மாதிரி உள்ளே போயிற்று. லேப்டாப் மூச்சு விடுவது அடிவயிற்றால். அங்கே இருக்கும் துளைகளை மெத்தை அடைத்துவிட்டால் சூடேறும். சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த அறையில் இதை வயர்காரரைத் தவிர யாரும் யோசித்திருக்க முடியாது. அவர் வாயைத் திறந்தார்.

“என்னப்பா?” என்றார் பதினேழு, அன்பாக.

“ஒண்ணுமில்ல சார்.”

பின்னால் நடந்த அத்தனையும் இந்த ‘ஒண்ணுமில்ல சார்’ பெற்ற பிள்ளைகள்.

சோதனை தொடங்கியது. பதினொன்றின் மின்விசிறி முதலில் முனகியது, பிறகு கூவியது, பிறகு உலை கொதிக்கிற மாதிரி இரைந்தது. “பாத்தீங்களா பதட்டத்தை” என்றார் பதினேழு. “சின்னவங்க சுபாவமே அதுதான். பெரிய வேலை குடுத்தா கத்த ஆரம்பிச்சுடுவாங்க.” மேஜையில் பெரியவை ஒவ்வொன்றாக முடித்தன. பதினாறு எல்லோருக்கும் பேச்சுக் கொடுத்து நேரம் கடத்தியதில், இயக்குநரின் பதினேழு இன்ச்சும் எப்படியோ முடித்தது. பதினொன்று பாதியில் திரை கறுத்து உட்கார்ந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

வயர்காரர் அதைத் தூக்கிக்கொண்டு கவுண்ட்டருக்குப் போனார். லேப்டாப் இல்லாமல் வெறும் கையோடு ஜனங்களைச் சமாளித்துக்கொண்டிருந்த அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, “ஐயோ தம்பி, என்னத்தச் செஞ்சீங்க? அடுப்புல இருந்து எறக்கின மாதிரி கொதிக்குதே!” என்றார்.

“டெஸ்ட் பண்ணோம்க்கா.”

“பாஸா?”

“சொல்லுவாங்கக்கா” என்று வயரைச் சுருட்டினார். ஏற்கெனவே சுருட்டியிருந்த வயர் என்கிறார் டீக்கார அம்மாள்.

சொன்னார்கள். இயக்குநர் நீண்ட உரை ஆற்றினார். “நாம யாரையும் தாழ்வா நெனைக்கல. அளந்து பார்த்தோம், அவ்வளவுதான். சின்னத் திரையால வேகம் குடுக்க முடியல. அதைக் கட்டாயப்படுத்துறது கொடுமை. அதனால வேகமே தேவைப்படாத ஒரு இடத்துல, நிம்மதியா, கௌரவமா அதை வைக்கப் போறோம்.”

வேகமே தேவைப்படாத இடம், ஊருக்கு வெளியே துருப்பிடித்த குழாய்கள் கிடக்கும் பழைய கிடங்கு. பஸ் மாறிப் போக வேண்டும். லேப்டாப் தனியாகப் போகாது அல்லவா, அக்காவும் போக வேண்டும். அடுத்த மாதம் முதல். காலையில் வெளிச்சம் வரும் முன் கிளம்பினால், விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்ப முடியும். நடுவில் மத்தியானம் என்று ஒன்று வருகிறது. அதை இயக்குநர் உரையில் யாரும் சேர்க்கவில்லை.

வயர்காரருக்குப் பதினைந்து இன்ச் வந்தது. அன்றிலிருந்துதான் அவர் செருப்பைக் கையில் எடுத்தது.

அதோடு நின்றாலும் பரவாயில்லை. அக்கா வீட்டு வாசலில் ஆரஞ்சுப் பை ஒன்று தொங்கியது. இன்னொரு நாள் ஆப்பிள். அக்கா வீட்டுக் காற்றாடி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி எண்ணெய் போட்டார் வயர்காரர். கேட்காமலே கொடிக்கயிறு மாற்றினார். பெரியவருக்கு ரேடியோ ஒன்று வாங்கி வந்து வைத்தார். அக்காவோ புதிய இடத்துக்குப் போகும் கவலையில் எதையும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். மூன்றாம் மாடியில் அவர் மனைவியும் கவனித்தாள்.

ஒருநாள் அவள் தயிருக்கு உறை கேட்டு வந்தாள். தயிர் உறைய வைக்கும் முகமாக இல்லை.

“ஆன்ட்டி, உங்க ஜன்னல்ல இருந்து படிக்கட்டு நல்லாத் தெரியுமாமே?”

“ஏதோ கொஞ்சம் தெரியும்மா. முழுசாத் தெரியாது.”

“எங்க வீட்டுக்காரர் எதிர்வீட்டுல எவ்வளவு நேரம் நிக்குறார்?”

“நிக்கவே இல்லையேம்மா. பழத்த மாட்டுறார், ஓடுறார்.”

“ஓடுறாரா?” அவளுக்கு அதுதான் இன்னும் சந்தேகமாக இருந்தது. “எனக்கு ஒரு ஆரஞ்சு வாங்கித் தந்ததில்ல ஆன்ட்டி இந்த மனுஷன். நான் மாசமா இருந்தப்பகூட.”

நான் ஒன்றும் ஏற்றி விடவில்லை. “ஆப்பிளும் வந்துச்சு” என்று மட்டும் சொன்னேன்.

அன்று மாலை மூன்றாம் மாடியில் பாத்திரம் விழுந்தது. பிறகு குரல்கள். பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன், அப்போதும் ஒன்றுமில்லை. கடைசியில் அவளே இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது.

“பொம்பள விஷயம் இல்ல ஆன்ட்டி.”

“அப்புறம்?”

“சோபா விஷயம்.”

உட்கார வைத்து முழுவதும் கேட்டேன். சொல்லி முடித்துவிட்டு அவள் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். “மொதல்ல ஒரு நிமிஷம் அப்பாடான்னு இருந்துச்சு ஆன்ட்டி. அப்புறம் அந்தப் பெரியவர் ஞாபகம் வந்துச்சு. இந்தப் பதினைஞ்சு வந்தப்ப நான் கேசரி பண்ணேன். உங்களுக்கும் குடுத்தேனே.”

நானும் ரெண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டிருந்தேன். அதை ஞாபகப்படுத்தாமல் இருந்திருக்கலாம்.

“சொல்லிடச் சொல்லும்மா உங்க வீட்டுக்காரரை” என்றேன். “அந்த அக்கா பஸ் ஏறுறதுக்கு இன்னும் நாள் இருக்கு.”

அவர் சொல்லிவிட்டார். குழுவின் வெற்றியைப் பாராட்டிக் கூடிய கூட்டத்தில், மாலை மரியாதைக்கு நடுவே எழுந்து நின்று சொன்னார். டீக்கார அம்மாள் கையில் தட்டோடு அங்கேயே நின்றுவிட்டார்.

“சார், அந்த ரிசல்ட் தப்பு. சோபால வச்சா லேப்டாப்புக்குக் காத்து போகாது. சூடாகி மெதுவாகிடும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல.”

முதலில் சுதாரித்தவர் பதினாறு. “அப்ப தப்பு சோபா மேல. சோபா வாங்கினது யார் காலத்துல சார்? ஒரு துணைக்குழு போட்டு...”

“தப்பு என் மேல சார்” என்றார் வயர்காரர்.

“அவசரப்படாதப்பா, விசாரிக்காம யாரையும் குத்தம் சொல்லக்கூடாது” என்றார் பதினாறு.

பதினேழு கையை உயர்த்தினார். முகத்தில் ஒரு களை வந்திருந்தது. உண்மைக்குப் பயப்படாதவன் என்று காட்டிக்கொள்ள இப்படி ஒரு வாய்ப்பு தினமும் கிடைக்காது அல்லவா. “மறுபடி சோதிப்போம். மேஜையிலயே வைப்போம். என் கண் முன்னாடி வைங்க. யாரும் மூடியத் தாழ்த்தக் கூடாது. மரியாதைய விட உண்மை பெருசு!”

வைத்தார்கள். பதினொன்று சத்தமே இல்லாமல், பேசிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிட்டது. பதினேழைத் திறந்தால், வேலையைத் தொடங்கும் முன் அது இயக்குநர் தாமே எடுத்த சூரியோதயப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கியது. மூன்றாவது உதயத்தில் பதினாறு மெதுவாகக் கைதட்டிப் பார்த்தார். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை.

வயர்காரர் பெருமூச்சு விட்டார். வெகுநாளைக்குப் பிறகு நிமிர்ந்து நின்றார். டீக்கார அம்மாளைப் பார்த்துச் சிரித்தாராம்.

இயக்குநர் எழுந்தார்.

“நல்லதாப் போச்சு” என்றார். “இத்தனை நாளா நாம வேகத்தத் திறமைன்னு நெனச்சுட்டோம். வேகம்னா என்ன? அவசரம். அவசரம்னா என்ன? பொறுப்பில்லாமை. ஒரு பொதுமகன் தண்ணி வரலன்னு வந்து நிக்குறான். அவன் குறைய ஒரு நொடியில பதிஞ்சு முடிச்சா அவனுக்கு என்ன ஆறுதல்? நம்ம வலிய இவ்வளவு நேரம் கவனிச்சாங்கன்னு ஒரு திருப்தி வேணாமா? இப்படிப்பட்ட அவசரக்கார மிஷின இத்தனை வருஷம் மக்களுக்கு முன்னாடி உக்கார வச்சிருந்தோமே, அதை நெனச்சா எனக்குத்தான் குத்த உணர்ச்சியா இருக்கு.”

பதினாறு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப அந்த ட்ரான்ஸ்பர் சார்?” என்றார் வயர்காரர்.

“முடிவு சரிதான்ப்பா. காரணம்தான் தப்பா இருந்துச்சு. முடிவ மாத்த முடியாது, காரணத்த மாத்திக்கலாம். ‘வேகக் குறைவு’ங்கிறத எடுத்துட்டு ‘அவசரப் போக்கு’ன்னு போடச் சொல்லு.”

“சார், நான் தெரிஞ்சே சும்மா இருந்தேன் சார். அதுக்கு எனக்கு ஏதாவது...”

“சும்மா இருக்கத் தெரியணும்ப்பா. அதுக்குத்தானே உனக்குப் பதினைஞ்சு குடுத்தோம்.”

“அதத் திருப்பி எடுத்துக்கங்க சார்.”

பதினேழு உண்மையிலேயே அதிர்ந்துபோனார். “திரை வளரும், சுருங்காது. வளந்த பிள்ளைய யாராவது மறுபடி தொட்டில்ல போடுவாங்களா?” என்றவர், தமக்குப் போட்டிருந்த மாலையைக் கழற்றி வயர்காரர் கழுத்திலேயே போட்டார். நேர்மைக்காக.

அந்த மாலையோடுதான் அவர் அன்றைக்கு வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. நேராக அக்கா வீட்டு வாசலில் நின்றார். காய்ந்த துணியை எடுத்து மறுபடி காயப்போடும் வேலை எனக்கு இருந்தது.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சோபா, ‘ஒண்ணுமில்ல சார்’, பதினைந்து, ஆரஞ்சு, இன்றைய கூட்டம். அக்கா கதவைப் பிடித்தபடி கேட்டார். உள்ளே பெரியவரின் ரேடியோ ஏதோ பேசிக்கொண்டிருந்தது.

“மெதுவானவள்னு போட்டிருந்தாங்க” என்றார் அக்கா கடைசியில். “தலைமையகத்துக்கு எழுதிப் போட்டிருந்தேன் தம்பி. என் வேலைய வந்து பாருங்கன்னு எழுதினேன். பாக்க வரேன்னு பதிலும் வந்துச்சு. இப்ப அவசரக்காரின்னு போட்டா, நான் எந்த வேகத்துல செஞ்சு காட்டுறது?”

வயர்காரர் தலைகுனிந்து நின்றார். மாலையைக் கழற்ற வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

“மன்னிச்சிடுங்கக்கா.”

“அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். எனக்கு இப்ப மத்தியானம்தான் பிரச்சனை.” அக்கா குரலைத் தாழ்த்தினார். “அப்பா கிட்ட எதுவும் சொல்லல. நீங்களும் என் ஆபீஸ்தான்னுகூட அவருக்குத் தெரியாது. ஏன் தூரமாப் போறேன்னு கேட்டா, மேல இருந்து மாத்திட்டாங்கன்னு சொல்லியிருக்கேன். முழுசாத் தெரிஞ்சா சாப்பாட்டத் தொட மாட்டார்.”

“நான் ஊட்டுறேன்கா.”

அக்கா அவரைப் பார்த்தார்.

“பதினைஞ்சுங்க மத்தியானம் எங்க போறாங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்கக்கா. களப்பணின்னு சொல்லிட்டு வந்துடுவேன்.”

வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் வாய் அப்படித்தான் போயிற்று. ஆனால் வேறு யார் இருக்கிறார்கள்? நான் கொடியில் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தேன்.

“தலகாணிய நிமித்தி வச்சுட்டுத்தான் குடுக்கணும்” என்றார் அக்கா. கவுண்ட்டரில் பேசுகிற குரல். “சூடாக் குடுக்காதீங்க. முழுங்கினப்புறம்தான் அடுத்த வாய். பேசாதீங்க. அவருக்குப் பேச்சு பிடிக்காது.”

“பேச எனக்கு என்னக்கா இருக்கு.”

அப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது தினமும் மத்தியானம் தோளில் பதினைந்து இன்ச் பையோடு அவர் வருகிறார். அக்கா வீட்டுச் சாவி என்னிடம் இருப்பதால் நானும் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கவுண்ட்டரில் இப்போது ஒரு பதினான்கு உட்கார்ந்திருக்கிறது; வரிசை தெரு திரும்பி எங்கள் வாசல்வரை நிற்கிறது; ஜனங்கள் மிகவும் கவனிக்கப்படுகிறார்கள். அதைத் தாண்டித்தான் அவர் உள்ளே வர வேண்டும். யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அத்தனை ஆட்களையும் விரட்டிய பெரியவர் இவரை விரட்டவில்லை. வாயைத் திறக்காத ஆள் ஒருவரை இப்போதுதான் பார்க்கிறார் போலிருக்கிறது. முதல் வாரம் முறைத்தார். இரண்டாவது வாரம் முறைக்காமல் சாப்பிட்டார். அப்புறம் அவரே பேச ஆரம்பித்துவிட்டார். இவர் பேசாமல் இருக்க இருக்க, அவருக்குப் பேச்சு கூடியது.

நேற்று பருப்பு சாதம். நான் ஊறுகாய் கொண்டுபோயிருந்தேன். வயர்காரர் தலையணையை நிமிர்த்தி வைத்து, சாதத்தை ஆற வைத்து, ஒரு வாய் கொடுத்து, முழுங்கும்வரை கரண்டியோடு காத்திருந்தார். பெரியவர் முழுங்கிவிட்டு அவர் முகத்தையே பார்த்தார்.

“தம்பி, உன்ன மாதிரி ஒரே ஒருத்தன்...” என்று மூச்சு வாங்கினார். “ஒருத்தன் அந்த ஆபீஸ்ல இருந்திருந்தான்னு வை, என் பொண்ண இப்படி அனுப்ப விட்டிருப்பானா?”

ஊறுகாய்க் கிண்ணத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

வயர்காரர் அடுத்த வாய் சாதத்தைக் கரண்டியில் எடுத்தார். ஊதினார். ஏற்கெனவே ஆறியிருந்த சாதம்.

“வாயத் தெறங்கய்யா” என்றார்.

பெரியவர் அவரை முழுசாக நம்பித் திறந்தார்.